அரச செய்தியைக் கேட்க ஒரு சீ.ஆர். கொப்பி

என் தங்கச்சியின் மகள் உயர்தரத்துக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்திருக்கிறாள். போன மாரியில் ஒரு நாள், உவர்மலை வீட்டில் இரவுச் செய்தி போய்க்கொண்டிருந்தது. பிளேன்ரீயோடு வந்து நின்றவள், "மாமா, அரசாங்க டிவியில சொல்றது முழுக்கப் பொய்தானே?" என்றாள். "இல்லை பிள்ளை, பொய் மிகக் குறைவு" என்றேன். அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பரீட்சைக்கு எழுத 'பொய்' என்பது வசதியான விடை.

நான் பதினொரு வருடம் திருகோணமலையிலிருந்து ஓர் ஒலிபரப்பு நிறுவனத்துக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். மாதச் சம்பளம் கிடையாது. போன செய்திக்குக் காசு, போகாத செய்திக்கு ஒன்றுமில்லை. அந்த அனுபவத்தை வைத்து அவளுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம் செய்து பார்த்தாள். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வானொலிக்கும் டிவிக்கும் ஒரே முறைதான்.

முறைக்கு முன் ஒரு கதை. ஒரு நாள் திருக்கடலூர் கரையில் வள்ளம் ஒன்றும் இறங்கவில்லை. டைனமைட் அடித்து மீன் பிடிப்பவர்களைப் பிடிக்கச் சொல்லி, காலை ஆறு மணியிலிருந்து சனம் மணலில் இருந்தது. பெண்கள் மீன்கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்று பேரிடம் பேசி, பன்னிரண்டு வரி எழுதி, கொமியுனிகேஷன் கடையிலிருந்து ஃபெக்ஸ் அனுப்பினேன். இரவுச் செய்தியில் வந்தது இவ்வளவுதான்: மீனவர்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகளுக்கு விரைவில் தீர்வு வழங்கப்படும் என அமைச்சர் தெரிவித்துள்ளார்.

அமைச்சர் அன்று கொழும்பில் வேறொரு கூட்டத்தில் அப்படிச் சொன்னது உண்மை. மீனவர்களுக்குப் பிரச்சினை இருப்பதும் உண்மை. ஆனால் திருக்கடலூர் என்ற பெயர் இல்லை, இறங்காத வள்ளம் இல்லை, டைனமைட் இல்லை. அடுத்த நாள் போன் எடுத்தேன். செய்திப் பிரிவில் இருந்த உதவி ஆசிரியர் நல்ல மனிதர். "அமைச்சில இருந்து ஆராவது சொன்னவையோ?" என்று கேட்டேன். "இல்லை அண்ணை, ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லுற அளவுக்கு நான் வைக்கிறதில்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார்.

அரசின் கை ஒரு செய்தி அறைக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குப் பிறகு எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்கவில்லை. ஆகவே செய்தி கேட்கும்போது பொய்யைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எது விழுந்துபோனது, எது முன்னுக்கு வந்தது, எந்தச் சொல் போட்டார்கள் என்று பாருங்கள்.

கொப்பி

நூறு பக்க சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட பெரிய நோட்டுப் புத்தகம், ஒன்று போதும். அடிமட்டத்தால் ஐந்து கோடு இழுங்கள். முதல் நிரலில் செய்தியின் வரிசை எண். இரண்டாவதில் யார் பேசுகிறார், பதவியோடு. மூன்றாவதில் அவருக்குப் போட்ட வினைச்சொல். நான்காவதில் எத்தனை செக்கன். போனில் உள்ள ஸ்டொப்வொட்சே காணும். ஐந்தாவது நிரலை அகலமாக விட்டு 'இல்லாதது' என்று தலைப்பு எழுதுங்கள். அந்த நிரல் உடனே நிரம்பாது. அன்றிரவோ அடுத்த நாளோ, பேப்பர் பார்த்த பிறகுதான் நிரம்பும்.

ஒரே நேரச் செய்தியைத் தொடர்ந்து பதினான்கு நாள் கேட்க வேண்டும். ஒரு நாள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு நாள் முதல் செய்தி ஜனாதிபதியாக இருக்கலாம், அன்று உண்மையிலேயே ஜனாதிபதிதான் செய்தியாக இருந்திருப்பார். பதினான்கு நாளில் பன்னிரண்டு நாள் அப்படி என்றால் அது வேறு கதை. கேட்கும்போது கோபப்படாமல் எழுதுங்கள். என் மருமகள் முதல் நாள் ஓரத்தில் 'சீ' என்று எழுதி வைத்திருந்தாள். அதை வெட்டிவிடச் சொன்னேன்.

அதே நாளில் ஒரு தனியார் செய்தியையும் கேளுங்கள், ஒரு பத்திரிகையும் பாருங்கள். வீரகேசரியோ தினக்குரலோ எதுவானாலும் சரி. தினகரன் லேக் ஹவுஸ் பத்திரிகை. லேக் ஹவுஸை 1973இல் அரசு எடுத்துக்கொண்டது, ஆகவே ஒப்பிடுவதற்கு அது உதவாது. சேர்த்துப் படித்தால் ஒரே வீட்டின் இரண்டு அறையையும் பார்த்த மாதிரி, அதிலும் ஒரு பயன் உண்டு. தனியார் எல்லாம் சுத்தம் என்று நினைக்கவும் வேண்டாம். அவர்களுக்கு முதலாளி உண்டு, விளம்பரக்காரர் உண்டு. தனியாருக்கு உரிமம் கொடுப்பதும், அரச ஒலிபரப்பை நடத்தும் அதே சட்டங்களின் கீழ் அமைச்சர்தான்.

எல்லாவற்றையும்விட நல்ல அளவுகோல், நீங்களே நேரில் நின்ற ஒரு சம்பவம். பாலம் திறந்தார்கள், நீங்கள் அங்கே நின்றீர்கள். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன் ஆர்ப்பாட்டம், உங்கள் பஸ் அதில் மாட்டி நின்றது. அன்றைய செய்தியை மட்டும் இரண்டு தரம் கேளுங்கள். சிறிய ஊரில் இருப்பதில் இது ஒரு பெரிய வசதி.

எண்ணைப் பாருங்கள்: 85 அல்லது 75

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. 2022 ஜனவரி 6ஆம் திகதி அவை பற்றி ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 24 குதங்கள் அரசின் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 14 இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு. மீதி 61 இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டுக் கம்பனிக்கு. அதில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49.

இப்போது கணக்குப் பாருங்கள். 24ஐயும் 61ஐயும் கூட்டினால் 85. '99இல் 85 குதங்கள் எங்கள் கைக்கு வந்துவிட்டன' என்று சொல்லலாம். 14ஐயும் 61ஐயும் கூட்டினால் 75. '99இல் 75 குதங்களில் இந்தியக் கம்பனிக்குப் பங்கு' என்றும் சொல்லலாம். இரண்டிலும் பொய் இல்லை. முதலாவதைக் கேட்பவர் நிம்மதியாகப் படுக்கப் போவார், இரண்டாவதைக் கேட்பவர் எழுந்து இருப்பார். சுதந்திரமான செய்தி ஆசிரியர் என்றால் 24, 14, 61 என்ற மூன்று எண்ணையும் தந்துவிட்டு, யார் எப்படிக் கூட்டுகிறார்கள் என்பதையும் சொல்வார். பத்து செக்கன் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே செய்தியில் ஒரு கூட்டுத்தொகை வந்தால், கூட்டப்பட்ட எண்கள் எங்கே என்று ஐந்தாவது நிரலில் எழுதுங்கள்.

வினைச்சொல்

எனக்கு மிகப் பிடித்த நிரல் மூன்றாவது. தமிழில் 'சொன்னார்' என்பதற்கு எத்தனை சொல் இருக்கிறது, பாருங்கள். தெரிவித்தார், கூறினார், குறிப்பிட்டார், வலியுறுத்தினார், சுட்டிக்காட்டினார், உறுதியளித்தார், குற்றஞ்சாட்டினார், விமர்சித்தார். 'சுட்டிக்காட்டினார்' என்று எழுதினால், சுட்டிய பொருள் அங்கே இருக்கிறது என்று செய்தியே ஒப்புக்கொள்கிறது. 'குற்றஞ்சாட்டினார்' என்றால் அது அவர் தலையோடு போயிற்று, செய்திக்குப் பொறுப்பில்லை. ஒருபக்கம் இருப்பவர் எப்போதும் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க, மறுபக்கம் இருப்பவர் எப்போதும் குற்றஞ்சாட்டிக்கொண்டே இருந்தால், கொப்பியில் அந்த இரண்டு சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு போடுங்கள். பதினான்காம் நாள் எண்ணிப் பாருங்கள். மருமகள் எண்ணியதில், இரண்டு வாரத்தில் ஒரு தரம்கூட ஓர் அமைச்சர் குற்றஞ்சாட்டவில்லை. அமைச்சர்களுக்கு அவ்வளவு பொறுமையா என்று கேட்டாள்.

அடுத்தது, செய்தவர் இல்லாத வினை. 'காணிகள் விடுவிக்கப்பட்டன.' யார் பிடித்து வைத்திருந்தார்கள்? வாக்கியத்தில் ஆள் இல்லை. எங்கள் மாவட்டத்துச் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் சண்டையோடு சனம் ஓடியது. பிறகு அவர்களின் நிலத்தில் 818 ஏக்கர் முதலீட்டுக்கென்று வர்த்தமானியில் போனது, 2015இல் அது இரத்தாகி மக்களிடம் வந்தது. இதைச் சொல்ல மூன்று வினை உண்டு: வழங்கப்பட்டது, கையளிக்கப்பட்டது, திருப்பிக் கொடுக்கப்பட்டது. வழங்குவது கொடை. கையளிப்பது அலுவல். திருப்பிக் கொடுப்பது என்றால்தான் அது முதலிலிருந்தே யாருடையது என்பது தெரியும். காணி பற்றிய எந்தச் செய்தி வந்தாலும் இந்த மூன்றில் எது என்று குறியுங்கள். வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

'என்பது குறிப்பிடத்தக்கது' என்று முடியும் வசனங்களை என்ன செய்வது என்று மருமகள் கேட்டாள். அதற்குப் பெரிய அர்த்தம் தேட வேண்டாம். வசனம் முடிய மறுக்கும்போது நாங்கள் எல்லோரும் போடும் ஆணி அது. நானும் நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு ஒரு தனி விஷயம். தமிழ்ச் செய்தி பல நேரம் சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வரும். மாற்றுகிறவருக்கு நேரமும் இல்லை, மாற்ற அதிகாரமும் இல்லை. சிங்களம் விளங்குமென்றால் ஒரே நாள் இரண்டு செய்தியையும் கேளுங்கள். சில செய்தி இரண்டிலும் ஒன்றாக இருக்கும். சிலது தமிழில் மட்டும் மென்மையாகும், சிலது சிங்களத்தில் வரவே வராது. எனக்குத் தெரிந்தவரை அதிகம் கற்றுத்தரும் பயிற்சி இதுதான். ஆனால் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள்தான் இதைச் செய்யாமல் இருக்கிறார்கள்.

இரைச்சலா, பாட்டா

நிலாவெளி தாண்டிப் போகும்போது உயர்ந்த ஒலிபரப்புக் கோபுரங்கள் தெரியும். 'ஜெர்மன் ரேடியோ' என்றுதான் சனம் சொல்லும். ஜெர்மனியின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லயின் மறுஒலிபரப்பு நிலையம் அது. 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் போனது. டொய்ச்ச வெல்லயும் அரசின் வரிப்பணத்தில் ஓடுகிற நிறுவனந்தான். ஆனால் என்ன சொல்வது என்பதில் அரசு தலையிடாதபடி ஜெர்மனியில் அதற்கென்று சட்டம் இருக்கிறது. அரசு காசு கொடுத்தால் அரசு சொல்வதைத்தான் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கோபுரத்தைத்தான் காட்டுவேன். காசு யார் தருகிறார் என்பதோடு, ஆசிரியரை யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்பதையும் கேட்க வேண்டும்.

அதே 2013. மார்ச் மாதம், ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் போய்க்கொண்டிருந்த நேரம். பிபிசி தமிழோசை அப்போது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் எஃப்.எம். அலைவரிசையில் மறுஒலிபரப்பாக வரும். நிகழ்ச்சியின் நடுவே திரும்பத் திரும்ப இடையூறு செய்யப்பட்டதாகச் சொல்லி, 26ஆம் திகதி பிபிசி தன் நிகழ்ச்சிகளைக் கூட்டுத்தாபனத்துக்குத் தருவதை நிறுத்திக்கொண்டது. 2009 பெப்ரவரியிலும் இதே காரணத்துக்காக ஒருமுறை நிறுத்தியிருந்தது. தமிழோசை வானொலி 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30இல் முடிந்தது. இந்த ஊரில் அந்த இசையைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு எழும்பிய தலைமுறை என்னுடையது.

அந்தக் காலம் கற்றுத்தந்த ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. நிகழ்ச்சி நடுவே அறுந்தால் என்ன வருகிறது என்று கேளுங்கள். வெறும் இரைச்சல் வந்தால் கோபுரத்தில் கோளாறு. பாட்டு வந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார். எப்போதும் சரியாக இராது, ஆனாலும் திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். ஒரே வகைச் செய்தியில் மூன்று தரம் பாட்டு வந்தால் பிறகு கோளாறு என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

அரச அறிக்கைக்கு வெளியே இன்னொரு சாட்சி இருப்பது எவ்வளவு பெறுமதி என்பதையும் இந்த ஊர்தான் கற்றது. 2006 ஜனவரி 2, கடற்கரைக் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தது என்று முதலில் படைத் தரப்பு சொன்னது. சுடரொளி நிருபர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவர் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மருமகள் பிறக்க முன் நடந்தது. அவள் கொப்பியில் இதை நான் எழுதச் சொல்லவில்லை, தானே எழுதியிருந்தாள்.

யார் நியமிக்கிறார்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1966இன் 37ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, 1967 ஜனவரியில் வேலை தொடங்கியது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இன் 6ஆம் இலக்கச் சட்டம். இரண்டிலும் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். எழுத்தில் பணிப்புரை கொடுக்கவும் அவருக்கு இடமுண்டு. ஐரிஎன் தொலைக்காட்சி 1979இல் தனியாராகத் தொடங்கி, சில மாதத்திலேயே அரசிடம் போனது. தமிழில் வரும் வசந்தம் அலைவரிசை அதன் பிள்ளை.

1997இல் ஓர் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தது. உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்றது. அலைவரிசை பொதுச் சொத்து, அதை மேற்பார்க்கும் சபை அமைச்சரின் தலையீட்டுக்கு உட்படக் கூடாது என்பதுதான் சாரம். அதற்கு முதல் வருடம் இன்னொரு தீர்ப்பு. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு முறைசாராக் கல்வி நிகழ்ச்சியைத் திடீரென்று நிறுத்த, அதில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் வழக்குப் போட்டார். நேயருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. வானொலிக்கு முன்னால் இருப்பவருக்கும் உரிமை உண்டு என்பதை நான் பரீட்சைக்கு அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். ஆனாலும் 1966ஆம் வருடச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்வரை எல்லாருக்கும் அதை மாற்ற ஆசை.

ஆகவே கொப்பியின் முதல் பக்கத்தில் இப்போதைய ஊடக அமைச்சர் யார், நிறுவனத் தலைவர் யார், எப்போது நியமிக்கப்பட்டார் என்று எழுதி வையுங்கள். ஆட்சி மாறினால் எத்தனை நாளில் அந்தப் பெயர் மாறுகிறது என்று பாருங்கள்.

ஆட்சி மாறும் வாரம் கேட்பவருக்குத் திருவிழா. 2018 ஒக்ரோபர் 26 இரவு மகிந்த ராஜபக்ச புதுப் பிரதமராகப் பதவியேற்ற செய்தி வந்த கையோடு, அவர் ஆதரவாளர்கள் அரச தொலைக்காட்சி நிலையங்களுக்குள் போனார்கள். நாடாளுமன்றத்துக்கு முன்னமே ரூபவாஹினிக்குப் போகிறார்கள் என்றால், அது யாருடைய வாய் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 2022 ஜூலை 13 இன்னொரு பக்கம்: போராட்டக்காரர்கள் உள்ளே போனார்கள், ஒருவர் நேரலையிலேயே தோன்றினார், கொஞ்ச நேரம் ஒளிபரப்பே நின்றது. அப்படியான வாரத்தில் மூன்றாவது நிரலை மட்டும் பாருங்கள். போன வாரம் குற்றஞ்சாட்டியவர் இந்த வாரம் சுட்டிக்காட்டத் தொடங்குவார்.

நல்லதையும் எழுதுங்கள்

இதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன். 2020 டிசம்பர் 2 இரவு புரவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரை தட்டியபோது எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அம்மாவின் பழைய பற்றரி ரேடியோதான். 1964 புயல் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது. அதனால் அவர் ரேடியோவை மடியை விட்டு இறக்கவில்லை. எங்கே எந்தப் பாடசாலை திறந்திருக்கிறது, கடலுக்குப் போகாதே, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த அமைச்சரும் குறுக்கே வரவில்லை. அந்த இரவைக் கொப்பியில் எழுதியிருந்தால் ஐந்தாவது நிரல் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். அதே நிறுவனம், அதே குரல். அவர்களுக்கு வேலை தெரியும் என்பது எனக்கு அன்று இன்னும் கொஞ்சம் எரிச்சலைத் தந்தது.

கொப்பியை வைத்து என்ன செய்வது

பதினான்கு நாள் முடிந்ததும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். 'நீங்கள் பக்கச்சார்பு' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். 'இன்ன திகதி, இன்ன நேரச் செய்தியில் ஆளும் தரப்பு 410 செக்கன், எதிர்த்தரப்பு 35 செக்கன், திருகோணமலையிலிருந்து ஒன்றுமில்லை' என்று எழுதினால் யாரோ ஒருவர் அதைக் கோப்பில் போட வேண்டிவரும். (இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.) பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அப்புறம் தகவலறியும் உரிமை. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அந்த நிறுவனத்திலேயே மேன்முறையீடு, அதற்கு மூன்று வாரத்தில் பதில் வர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு. விண்ணப்பம் கிடைத்தது என்று எழுத்தில் ஒரு துண்டு தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், நாள் கணக்கு அதில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 'ஏன் அரசுக்குச் சார்பாகச் செய்தி வாசிக்கிறீர்கள்?' என்பது கேள்வி, தகவல் கோரிக்கை அல்ல. தாளாக இருக்கிற ஒன்றைக் கேளுங்கள். செய்திப் பிரிவுக்கு எழுத்தில் ஆசிரியர் கொள்கை இருந்தால் அதன் பிரதி. கடந்த இரண்டு வருடத்தில் அமைச்சர் எழுத்தில் தந்த பணிப்புரைகளின் பிரதிகள். பணிப்பாளர் சபை உறுப்பினர்களின் நியமனத் திகதி. அரச திணைக்களங்களிலிருந்து வந்த விளம்பர வருமானம், வருட வாரியாக. 'அப்படி ஒன்றும் இல்லை' என்று பதில் வந்தால் அதுவும் பதில்தான். ஆசிரியர் கொள்கை என்று ஒரு தாளே இல்லாத செய்தி அறை என்பது கையெழுத்தோடு உங்கள் கையில் இருக்கும்.

தேர்தல் காலம் என்றால் வழி இன்னும் நேராகும். தேர்தல் ஆணைக்குழு ஊடகங்களுக்கு வழிகாட்டி நெறிகள் வெளியிடும். அரச ஒலிபரப்பும் ரூபவாஹினியும் அதைப் பின்பற்றியாக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மீறினால் அரசியல் ஒலிபரப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு தகுதிவாய்ந்த அதிகாரியை ஆணைக்குழு நியமிக்கலாம். நியமித்தாலும் அவருடைய சொல் எடுபடும் என்று நிச்சயமில்லை. 2010 ஜனாதிபதித் தேர்தலில் அரச ஊடகம் கேட்கவில்லை என்று தேர்தல் ஆணையாளரே கையை விரித்தார். ஆனாலும் செக்கன் கணக்கோடு போகும் முறைப்பாட்டுக்கு அந்தக் காலத்தில் ஒரு பெறுமதி உண்டு. கண்காணிப்பு அமைப்புகளும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

உள்ளே வேலை செய்பவர்களைத் திட்டி ஒன்றும் எழுத வேண்டாம். பிள்ளைகுட்டிக்காரன் என்று சொன்ன அந்த மனிதர் அதற்குப் பிறகு இரண்டு முறை என் செய்தியை முழுசாகப் போட்டார். ஒன்றில் கன்னியாக் கிணறுகள், மற்றதில் மூதூர்ப் பாதை. ஏன் அந்த இரண்டு நாள் மட்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது போயிராது.

மருமகளின் கொப்பி இப்போது இரண்டாம் சுற்று ஓடுகிறது. அவள் ஆறாவதாக ஒரு கோடு இழுத்திருக்கிறாள்: 'எங்கட மாவட்டம்'. போன கிழமை முழுக்க அதில் ஒரே ஒரு பதிவு, நிலாவெளிக்கு வந்த உல்லாசப் பயணிகள், 22 செக்கன். கொப்பியின் பின்மட்டையில் தகவல் விண்ணப்பம் அனுப்பிய பதிவுத் தபால் துண்டை ஒட்டி, கீழே நாட்காட்டி மாதிரிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். போயா (முழுநிலா விடுமுறை) நாளை விட்டுவிட்டு எண்ணச் சொன்னேன், அது வேலை நாள் அல்ல. எண்ணிப் பார்த்தாள். பதினான்காம் நாள் வருகிற செவ்வாய்.